கண்ணுக்குள் கட்டி: ஊசி வைத்துப் பார்ப்பதா, படத்தை வைத்தே முடிவெடுப்பதா?

கட்டி என்று டாக்டர் சொன்ன உடனே நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சா?" என்பதுதான். மார்பிலோ கழுத்திலோ வாயிலோ வந்த கட்டி என்றால் அந்தக் கேள்வி நியாயமானது. பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வராமல் கீமோ தொடங்குகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர்கூட "வேறு இடத்தில் காட்டுங்கள்" என்பார். கண்ணுக்குள் வரும் அரிய கட்டிகளில் இந்த ஒழுங்கு செல்லாது. ஒரு கட்டியில் ஊசி வைப்பது உயிருக்கே உலை வைக்கும். இன்னொன்றில் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். மூன்றாவதில் ஊசியைத் தள்ளிப்போடுவதால்தான் மாதங்கள் வீணாகின்றன.

கண் மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. "பயாப்ஸி செய்யாமல் எப்படிப் புற்றுநோய் என்று சொல்கிறார்கள்?" என்ற சந்தேகத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போய், மாதக்கணக்கில் வராமல் இருந்துவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அவர்கள் கேட்ட கேள்வியில் தப்பு எதுவும் இல்லை. பதிலைத்தான் யாரும் முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். உடம்பில் கத்தி படாமல் உள்ளே நேராகப் பார்க்க முடிகிற இடம் கண். கண்மணியை மருந்து விட்டு விரித்தால் விழித்திரை, அதன் ரத்தக் குழாய்கள், பார்வை நரம்பின் தலை எல்லாம் டாக்டரின் கண்முன்னே இருக்கும். கட்டியின் நிறம், விளிம்பு, மேலே ஓடும் குழாய், சுற்றியுள்ள நீர் எதுவும் மறைவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் கட்டிக்கு இந்த வசதி கிடையாது. இன்னொரு விஷயமும் உண்டு. கண்ணுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை. மூடிய சுவருக்குள் இருக்கும் கட்டிக்கு வெளியே போகும் வழிகள் குறைவு. ஊசி அந்தச் சுவரைத் துளைக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குழந்தையின் கண்ணில் வெள்ளை

ரெட்டினோபிளாஸ்டோமா, குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. பிறப்புகள் அதிகம் என்பதால் இந்தக் குழந்தைகள் இந்தியாவில் நிறைய. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். இரண்டு கண்ணிலும் வருவது இன்னும் சீக்கிரம், ஒரு வயதையொட்டியே தெரியும்.

அம்மாக்கள்தான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் பால் கொடுக்கும்போது குழந்தையின் கண்மணியில் பூனைக்கண் மாதிரி ஒரு மினுக்கம். அல்லது ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் தெரியும். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது எடுத்த படத்தில் நல்ல கண்ணும் வெள்ளையாகத் தெரியலாம், அதனால் ஒரு படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். காட்டாமலும் இருக்க வேண்டாம். அடுத்த முக்கியமான அறிகுறி மாறுகண். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சால் எத்தனை குழந்தைகள் தாமதமாக வருகின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது. புதிதாக மாறுகண் தெரியும் எந்தக் குழந்தைக்கும் கண்ணை விரித்து விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளை தெரிந்தால் எல்லாமே புற்றுநோய் இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் வில்ஸ் கண் மருத்துவமனைக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று அனுப்பப்பட்ட 2,775 பேரில் 604 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல், அது வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. அதில் பெரும்பங்கு கோட்ஸ் நோய், விழித்திரைக் குழாய்கள் கசிந்து கண்ணுக்குள் மஞ்சளாகப் படிவது. கருவிலிருக்கும்போது மறைய வேண்டிய ரத்தக் குழாய்கள் மறையாமல் தங்கிவிடுவதும், நாய் வழியாக வரும் புழுத் தொற்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே தவறு இரண்டு பக்கமும் நடக்கலாம்: புற்றுநோயைத் தவறவிடலாம், புற்றுநோய் இல்லாத கண்ணை எடுத்தும் விடலாம். இந்த இரண்டையும் தவிர்க்க எந்தப் பரிசோதனை எவ்வளவு உதவும் என்பதுதான் பெற்றோரின் முன் நிற்கும் கேள்வி.

மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அடித்தளம். விழித்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தை விழித்திரையின் ஓரம்வரை பார்க்க விடாது. மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் கண்ணின் வெளிச்சுவரை ஒரு சின்ன உலோகக் கருவியால் மெல்ல அழுத்தி, ஓரத்தை உள்ளே தள்ளிக் கொண்டுவந்து, ஒரு சுற்று முழுவதும் பார்ப்பார். இரண்டு கண்ணையும் பார்ப்பார். ஒரு கண்ணில்தான் வெள்ளை தெரிந்தது என்று வந்த குழந்தையின் மறு கண்ணில் கடுகளவுக் கட்டி அப்போதுதான் தெரியவரும். "மயக்க மருந்தா, வேண்டாமே" என்று தயங்கும் தாத்தா பாட்டிகளிடம் நான் சொல்வது: இதைத் தவிர்த்துவிட்டு வேறு எந்தப் பெரிய ஸ்கேன் எடுத்தாலும் அந்த ஓரத்துக் கடுகைக் காட்டாது.

அடுத்தது பி-ஸ்கேன். வயிற்று ஸ்கேன் மாதிரி ஒலி அலை, கதிர்வீச்சு இல்லை, சில நிமிட வேலை. மூடிய இமைமேல் ஜெல் தடவி முனையை வைத்தால் திரையில் கண் வட்டமாகக் கறுப்பாகத் தெரியும். கட்டி இருக்கும் இடத்தில் பஞ்சுப்பொதி போன்ற சாம்பல், நடுவில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள், அவற்றுக்குப் பின்னால் கருநிழல். அந்தப் புள்ளிகள் சுண்ணாம்பு. ஸ்கேன் எடுப்பவர் இப்போது கெயினை, அதாவது கருவி எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சாம்பல் மங்கும், கண்ணின் சுவரும் மங்கும். சுண்ணாம்பு மட்டும் மறையாமல் நிற்கும். வளர்ந்த ரெட்டினோபிளாஸ்டோமாவில் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்பு இருக்கும். கோட்ஸ் நோயில் பொதுவாக இருக்காது. அந்தச் சில நொடிகளில் கெயின் குறையும்போது நடப்பது, பல நாள் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுண்ணாம்பை சி.டி. அழகாகக் காட்டும், வேலையும் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் இந்த நோயின் பரம்பரை வகை உள்ள குழந்தையின் உடம்பு முழுக்க உள்ள செல்களில் ஆர்.பி.1 மரபணுவின் ஒரு பிரதி ஏற்கனவே பழுதாக இருக்கும். அந்த உடம்பில் கதிர்வீச்சைப் பாய்ச்சினால் பிற்காலத்தில் இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. எந்தக் குழந்தை பரம்பரை வகை என்று முதல் நாளில் தெரியாது. சுண்ணாம்பைப் பார்க்க பி-ஸ்கேன் போதும். பார்வை நரம்புக்குள் கட்டி நுழைந்ததா, மூளையின் பினியல் பகுதியில் கட்டி உண்டா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தான் தேவை. அவசர நிலையில் எம்.ஆர்.ஐ. கிடைக்கவே கிடைக்காத ஊரில் தவிர, சி.டி. எழுதிக் கொடுத்தால் "எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி ஊசி. ரெட்டினோபிளாஸ்டோமாவின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவை அல்ல, எளிதில் உதிரும். ஊசி உள்ளே போய் வெளியே வரும் பாதையில் அவை ஒட்டிக்கொண்டு கண்குழிக்குள் விதைபட்டுவிட்டால், கண்ணோடு முடிந்திருக்க வேண்டிய நோய் உடம்புக்குப் பரவும் நோயாக மாறும். நல்ல வசதியுள்ள நாடுகளில் இந்த நோயிலிருந்து 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்த நிலை கட்டி கண்ணுக்குள் இருக்கும்வரைதான். அதனால்தான் உலகம் முழுவதும் இந்த நோய்க்கு பயாப்ஸி இல்லாமலே சிகிச்சை தொடங்குகிறார்கள். கண்ணை எடுக்க நேர்ந்தால், எடுத்த கண்ணே பயாப்ஸி. அப்போது பார்வை நரம்பை எவ்வளவு நீளமாக வெட்டி எடுக்க முடியுமோ அவ்வளவு நீளமாக எடுப்பார்கள். நரம்பின் வெட்டுமுனையில் நோய் உண்டா, கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலத்துக்குள் ஆழமாகப் போயிருக்கிறதா என்று நோயியல் டாக்டர் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் பிறகு கீமோ தேவையா என்று முடிவாகிறது.

உண்மையான ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. "கண்ணுக்குள் ரத்தக்கசிவு", "புரை", "அழற்சி" என்று நினைத்து, உள்ளே கட்டி இருப்பது தெரியாமலே ஒரு குழந்தையின் கண்ணுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடுவது. சுண்ணாம்பு இல்லாமல், மேடாக வளராமல், விழித்திரையோடு படர்ந்து பரவும் அரிய வகை ஒன்று உண்டு. சற்று வளர்ந்த குழந்தைகளில் வரும். பார்த்தால் அழற்சி போலவே இருக்கும், பி-ஸ்கேனையும் ஏமாற்றும். ஆகவே காரணம் தெரியாத அழற்சியோ ரத்தக்கசிவோ உள்ள குழந்தைக்கு ஆபரேஷன் தேதி குறிக்கும் முன், கண் புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுவதே என் தீர்மானமான கருத்து. ஒரு வாரம் தாமதமாகும் என்பது உண்மைதான், அந்த விலை கொடுக்கலாம்.

ஊசியே கூடாது என்ற விதியில் கடந்த பத்து பதினைந்து ஆண்டுகளில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் ஃபிரான்சிஸ் முனியர் குழுவினர் 2012-ல், கண்ணுக்குள் மிதக்கும் கட்டித் துகள்களுக்கு மருந்தை நேரடியாக ஊசியில் செலுத்தும் பாதுகாப்பான முறையை விவரித்தார்கள். முதலில் கண்ணின் முன்பகுதியில் இருக்கும் முன்னறை நீரைக் கொஞ்சம் எடுத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள், கட்டி இல்லாத பக்கமாக ஊசியைச் செலுத்துகிறார்கள், வெளியே எடுக்கும்போது துளையை உறைய வைத்து அந்தப் பாதையில் இருக்கும் செல்லைக் கொல்கிறார்கள். அப்படி எடுக்கப்பட்ட முன்னறை நீரை வீணாக்காமல் ஆராய்ந்து, அதில் கட்டியின் டி.என்.ஏ. மிதப்பதை லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஜெஸ்ஸி பெர்ரி குழுவினர் 2017-ல் காட்டினார்கள். கட்டியைத் தொடாமலே கட்டியின் மரபணுவைப் படிக்கும் வழி இது. நம்பிக்கை தருகிறது. ஆனால் நம் ஊரில் இன்று ஒரு பெற்றோர் முடிவெடுக்க இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருக்காமல் செய்ய வேண்டியது ரத்தத்தில் ஆர்.பி.1 பரிசோதனை. கண் நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஆனால் குடும்பத்துக்கு இதைவிட உபயோகமான டெஸ்ட் இல்லை. இந்த நோய் வரும் குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் பரம்பரை வகை. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில்கூட ஏறத்தாழ 15 சதவீதம் பேர் அந்த வகைதான், அதனால் "ஒரு கண்தானே" என்று விட முடியாது. நோயுற்ற குழந்தையின் பழுது எது என்று தெரிந்துவிட்டால் தம்பி தங்கைக்கு அதே பழுது உண்டா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கு மாதாமாதம் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கும் கொடுமை மிச்சம். கூடவே ஒன்று: "சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்தது" என்று மாமியார் வீட்டில் மருமகளைக் குத்திக்காட்டுவதை நிறையப் பார்க்கிறேன். இந்த நோய் வரும் விதத்துக்கும் சொந்தத்தில் திருமணத்துக்கும் தொடர்பு இல்லை. பழுதான ஒரு பிரதி ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். பல குழந்தைகளுக்கு அதுவும் இல்லை, பழுது புதிதாகவே உண்டாகிறது.

மச்சமா, மெலனோமாவா?

பெரியவர்களின் கதை வேறு. கண்ணாடி மாற்ற வந்தவருக்கு, சர்க்கரைக்காக விழித்திரைப் படம் எடுத்தவருக்கு, "உள்ளே ஒரு கரும்புள்ளி இருக்கிறது" என்று சொல்லப்படும். கோராய்டில் உள்ள மச்சம். தோலில் இருப்பது போலத்தான், அநேகமாக ஒன்றும் செய்யாது. வெள்ளை அமெரிக்கர்களிடையே செய்த கணக்கில், ஒரு வருடத்தில் 8,845 மச்சங்களில் ஒன்று மெலனோமாவாக, அதாவது நிறமிச் செல்களின் புற்றுநோயாக, மாறுகிறது. கோராய்டு மெலனோமா அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு ஐந்து பேர் அளவில் வருவது, ஆசியர்களிடம் ஒன்றுக்கும் குறைவு. அரிதுதான். ஆனால் வந்தால் கல்லீரலுக்குப் போகும் குணம் கொண்டது. பாதிப் பேருக்குக் காலப்போக்கில் பரவுகிறது.

பெரிய கட்டியாக இருந்தால் ஊசி இல்லாமலே சொல்லிவிடலாம். 1960, 70-களில் மெலனோமா என்று எடுக்கப்பட்ட கண்களில் ஐந்தில் ஒன்று ஆய்வகத்தில் வேறாக இருந்தது. அல்ட்ராசவுண்டும் நல்ல கண் பரிசோதனை முறைகளும் பரவிய பிறகு நிலைமை தலைகீழ். அமெரிக்காவின் பெரிய கூட்டு ஆய்வு ஒன்றில் எடுக்கப்பட்ட 413 கண்களில் தவறான கணிப்பு இரண்டே இரண்டு. காளான் வடிவில் தலை விரிந்த கட்டி, உள்ளே ஒலி அலை எதிரொலிக்காமல் கறுத்துத் தெரிவது, இந்த இரண்டும் சேர்ந்தால் அனுபவமுள்ள டாக்டருக்கு ஐயம் இருக்காது. கோராய்டில் வரும் ரத்தக்குழாய்க் கட்டியோ இதற்கு நேர் எதிராக ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், பார்க்கவும் ஆரஞ்சு நிறம்.

சிக்கல் எல்லாம் சிறியதில்தான். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம். மச்சம் என்றும் சொல்லலாம், மெலனோமாவின் தொடக்கம் என்றும் சொல்லலாம். மூன்று வழிகள் இருக்கின்றன: பார்த்துக்கொண்டே இருப்பது, ஊசி வைத்து செல் எடுப்பது, உடனே சிகிச்சை கொடுத்துவிடுவது.

பார்த்துக்கொண்டே இருப்பது என்றால் சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் நாள் வண்ணப்படம், விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி., விழித்திரை தானே உமிழும் ஒளியைப் பதிவுசெய்யும் தானொளிப் படம், அல்ட்ராசவுண்டில் தடிமன் அளவு. மூன்று நான்கு மாதத்தில் அதே படங்கள் திரும்பவும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எதைத் தேடுகிறோம் என்பதில் கரோல் ஷீல்ட்ஸ் குழுவினர் 2019-ல் திருத்திய பட்டியல் நல்ல வழிகாட்டி: தடிமன் 2 மில்லிமீட்டருக்கு மேல், ஓ.சி.டி.யில் விழித்திரைக்கு அடியில் நீர், பார்வைக் குறைவு, தானொளிப் படத்தில் ஆரஞ்சு நிறமி, அல்ட்ராசவுண்டில் உள்ளே வெறுமையாகத் தெரிவது, அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேல். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் ஐந்து ஆண்டுகளில் வளரும் வாய்ப்பு 1 சதவீதம். ஒன்று இருந்தால் 11, மூன்று இருந்தால் 34, நான்கு இருந்தால் பாதிக்குப் பாதி. பிரிட்டனில் பெர்ட்டில் டமாட்டோ உருவாக்கிய மதிப்பெண் முறை இன்னும் எளிது. காளான் வடிவம், ஆரஞ்சு நிறமி, அளவு, வளர்ச்சி, நீர் ஆகிய ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மார்க் போட்டு, கூட்டினால் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் புற்றுநோய்ப் பிரிவுக்கு உடனே அனுப்பச் சொல்கிறது. வண்ணப்படம், தானொளிப் படம், ஓ.சி.டி. கையில் இருந்தால் சாதாரண கண் கிளினிக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். பெரிய ஸ்கேன் வசதி குறைவான ஊர்களுக்கு இதுவே எனக்குப் பிடித்தது.

காத்திருப்பதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அதே கூட்டு ஆய்வின் தொடர்ச்சியாகச் சிறிய கட்டியுள்ள 204 பேரைப் பார்த்துவந்தபோது, இரண்டு ஆண்டில் 21 சதவீதம், ஐந்து ஆண்டில் 31 சதவீதம் கட்டிகள் வளர்ந்தன. கட்டி தடிமனாக ஆக ஆகப் பரவும் அபாயம் கூடுகிறது. தவணை தவறாமல் வருகிறவருக்குத்தான் இந்த வழி. துபாயில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு என்பவர், அங்கேயே தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

உடனே சிகிச்சை என்பது பெரும்பாலும் கதிர்வீச்சுத் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் சில நாள் தைத்து வைப்பது. நடுத்தர அளவுக் கட்டிகளில் இது கண்ணை எடுப்பதற்குச் சமமாக உயிரைக் காக்கிறது என்று 1,317 பேரைக் கொண்ட ஆய்வு காட்டிவிட்டது. கண் பிழைக்கும், ஆனால் பார்வையும் பிழைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. கட்டி பார்வை மையத்தையோ நரம்பையோ ஒட்டி இருந்தால், கதிர்வீச்சால் அடுத்த சில ஆண்டுகளில் பார்வை தேயும். ஒரு வேளை மச்சமாகவே இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக ஆறுக்கு ஆறு பார்வையுள்ள கண்ணைப் பணயம் வைப்பது லேசான காரியமா?

அப்போதுதான் ஊசி கைகொடுக்கும் என்று தோன்றும். 25 கேஜ் அளவிலான மெல்லிய ஊசி, கண்ணின் சுவர் வழியாகவோ, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல் வழியாகவோ. ரெட்டினோபிளாஸ்டோமா போல இங்கே விதைபடும் பயம் பெரிதில்லை, அது மிக அரிது. உள்ளே கொஞ்சம் ரத்தம் கசியலாம், விழித்திரை விலகலாம். ஆனால் ஊசியின் பெரிய குறை வேறு. எந்த அளவுக் கட்டியில் நமக்குச் சந்தேகம் அதிகமோ, அந்த மெல்லிய கட்டியில்தான் செல் போதுமான அளவு கிடைப்பதும் கஷ்டம். "செல் கிடைக்கவில்லை" என்று வந்தால் அது மச்சம் என்று அர்த்தமில்லை. ஊசி எடுத்த மூலையில் சாதுவான செல், பக்கத்தில் மோசமானது என்றும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருப்பவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

அப்படியானால் ஊசி எதற்கு? மெலனோமாதான் என்று முடிவான பிறகு அது எப்படிப்பட்டது என்று அறிய. கட்டியின் செல்லில் மூன்றாம் குரோமோசோமின் ஒரு பிரதி காணாமல் போயிருந்தால், பி.ஏ.பி.1 மரபணு செயலிழந்திருந்தால், கல்லீரலுக்குப் போகும் அபாயம் பல மடங்கு. அது தெரிந்தால் கல்லீரல் ஸ்கேனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது என்று திட்டமிடலாம். தகடு வைக்கும் அதே ஆபரேஷனில், வைப்பதற்குச் சற்று முன் ஊசி எடுத்துவிடுவது நல்ல வழக்கம். ஊசி போன பாதையும் கதிர்வீச்சுக்குள் வந்துவிடும், நோயாளிக்கும் ஒரே மேஜை. பரவிய நோய்க்கு 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து குறிப்பிட்ட ஒரு எச்.எல்.ஏ. வகை (செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரத வகை) உள்ளவர்களுக்கே. அந்த வகையை அறிய ரத்தம் போதும், கண்ணில் ஊசி வேண்டாம்.

என் கணிப்பு இது. ஆபத்துக் குறிகள் இல்லை அல்லது ஒன்றுதான் என்றால் காத்திருங்கள், படங்களோடு. இரண்டு என்றால் மூன்று மாதக் கெடுவோடு காத்திருங்கள், வளர்ந்தால் தாமதிக்காதீர்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால் மச்சம் என்ற நம்பிக்கையைக் கைவிட்டு, சிகிச்சையோடு சேர்த்து ஊசியைப் பற்றிப் பேசுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனியாக ஊசி வைப்பது நிறமற்ற கட்டிகளுக்குத்தான் பொருந்தும். மார்பகம், நுரையீரல் புற்றுநோய் கண்ணுக்குள் வந்து தங்கும்போது மஞ்சள் வெண்மையாக இருக்கும். நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் அதே முகத்தோடு வரும். அங்கேயும் முதலில் நெஞ்சு ஸ்கேன், காசநோய்ப் பரிசோதனைகள், பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை. இவற்றில் எதிலும் விடை கிடைக்காவிட்டால் ஊசி.

அடங்காத அழற்சி

மூன்றாவது வகையில் கட்டி என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவருக்குக் கண்ணில் மிதப்பவை, மங்கல். கண்ணின் ஜெல்லில் செல்கள். யுவியைட்டிஸ் என்ற அழற்சி என்று பெயரிட்டு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். குறைகிறது. நிறுத்தினால் திரும்பி வருகிறது. காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாத மருந்து. காசநோய் யுவியைட்டிஸ் நம் நாட்டில் நிறைய என்பதால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. இதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். கண்ணின் ஜெல்லில் வரும் வெள்ளணுப் புற்றுநோயான விட்ரியஸ் லிம்ஃபோமா இப்படித்தான் வேடம் போடுகிறது. இது மூளை லிம்ஃபோமாவின் உறவு. கண்ணில் மட்டும் தொடங்கியவர்களில் பெரும்பாலானோருக்குப் பின்னர் மூளையிலும் வருகிறது.

படங்கள் இங்கே சந்தேகத்தைத் தூண்டும், அதற்குமேல் போகாது. ஓ.சி.டி.யில் நிறமி அடுக்குக்கு அடியில் மேடுகள் தெரியலாம். முடிவு சொல்வது ஜெல்லை எடுத்து ஆராய்வதுதான். விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சையில் முதலில் உப்புநீர் கலக்காத ஜெல்லை எடுத்து, மிகச் சீக்கிரம் ஆய்வகம் சேர்க்க வேண்டும். இந்த லிம்ஃபோமா செல்கள் அற்பாயுசு கொண்டவை, மணிக்கணக்கில் தாமதித்தால் செத்த செல்லைத்தான் பார்க்க முடியும். எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஸ்டீராய்டை நிறுத்துவதும் அதற்காகத்தான், அது இந்தச் செல்களைக் கொன்று, ரிப்போர்ட்டைப் பொய்யாக்கிவிடும். செல் மட்டும் போதாது. அதே திரவத்தில் செல்கள் சுரக்கும் புரதங்களில் இன்டர்லூகின்-10, இன்டர்லூகின்-6-ஐவிட அதிகமா, எம்.ஒய்.டி.88 மரபணுவில் இந்த லிம்ஃபோமாவுக்கே உரிய மாற்றம் உண்டா என்றும் பார்த்தால் விடை உறுதியாகும். ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. மூளை எடுத்துவிடுங்கள். அங்கே கட்டி இருந்து அதில் சதை எடுத்தாகிவிட்டால், சில சமயம் கண்ணைத் தொடவே வேண்டியிருக்காது.

ஐம்பது வயதுக்கு மேல், இரண்டு முறைக்கு மேல் ஸ்டீராய்டுக்கு அடங்கித் திரும்பிய அழற்சி என்றால், "லிம்ஃபோமாவா என்று பார்த்தாகிவிட்டதா?" என்ற கேள்வியை நோயாளியே கேட்பது நல்லது. ஊசிக்கு அஞ்ச வேண்டியது இங்கே இல்லை. முதல் சாம்பிளில் ஒன்றும் வரவில்லை என்றாலும் சந்தேகம் பலமாக இருந்தால் இரண்டாவது முறை எடுப்பார்கள். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம்.

வெள்ளை விழியின் மேல்படலத்தில் வரும் புற்றுநோயைப் பற்றி ஒரு வரி. அது வெளியே தெரிவது, பெரும்பாலும் கொஞ்சமாகக் கிள்ளிப் பார்ப்பதில்லை. சுற்றிலும் நல்ல திசுவோடு முழுசாக வெட்டி எடுத்து அதையே ஆய்வுக்கு அனுப்புவதோ, சொட்டு மருந்தில் கரைக்கப் பார்ப்பதோதான் வழக்கம்.

இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள்

சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத், டெல்லி எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் மையம் ஆகியவற்றில் கண் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பி-ஸ்கேனின் வீடியோவை, எம்.ஆர்.ஐ. சிடியை, விழித்திரைப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். பழைய படம் ஒன்று கிடைத்தாலும் மச்சம் வளர்ந்ததா இல்லையா என்ற கேள்வி அன்றே தீரும். ஐந்து வருடத்துக்கு முன் சர்க்கரைக்காக எடுத்த விழித்திரைப் படம்கூட அப்போது தங்கம். கண் எடுக்கப்பட்டிருந்தால், ஜெல் எடுக்கப்பட்டிருந்தால், ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். கண் நோயியலில் பழகியவர் அவற்றைத் திரும்பப் பார்ப்பார்.

குழந்தைக்காகப் போகிறீர்கள் என்றால் அண்ணன், அக்கா, கைக்குழந்தை உட்பட எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அப்பாவும் அம்மாவும் கண்ணில் மருந்து விட்டுக் காட்டுங்கள். தானாகவே வளர்ச்சி நின்றுபோன சின்னக் கட்டியின் தழும்பு சில பெற்றோரின் விழித்திரையில் இருக்கும், பார்வை நன்றாக இருப்பதால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. அது கிடைத்துவிட்டால், பரம்பரை வகை என்பது ரத்த ரிப்போர்ட் வரும் முன்பே தெரிந்துவிடும்.